கூடு போகும் தெருவில் ஒரு கேபிள்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார்கள். அந்தத் தடவை நான் மண்டை நிறைய ஒரு யோசனையைக் கொண்டுவந்தேன். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டியிருக்கிற எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஃபைபர் இணையம் கொடுப்பது. செல்போன் டவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில். அவர்களோடு முகம் பார்த்துப் பேசப் பெண்கள் போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் மூலைக்கு மூலை அலைவார்கள். இதைவிட நல்ல இடம் இந்தத் தொழிலுக்கு எங்கே கிடைக்கும்? நினைக்க நினைக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபைபரை எப்படி ஒட்டுவது, ஒரு பெட்டியிலிருந்து எப்படி வீடுகளுக்குப் பிரிப்பது என்றெல்லாம் வீடியோ பார்த்துக் கரைத்துக் குடித்திருந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நீங்க திரும்பிப் போவலையா?"

"ஆரம்பிச்சு வச்சிட்டுப் போறேன். ஒன் தம்பி பாத்துக்கிடுவான்."

அவள் முகம் வாடிவிட்டது. திரும்பிப் போகிற டிக்கெட் ஏற்கெனவே போட்டாகியிருந்தது. அதற்குள் ஊர் முழுக்கக் கேபிள் இழுத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். இருந்தாலும் மறுநாளே அவள் தன்னோடு கல்லூரியில் படித்த தோழிக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் வள்ளியூரில் இதே தொழிலை நடத்துகிறவர். சுற்றியுள்ள பல ஊர்களில் அவர் கொடுக்கிற இணையம்தான். "ரெண்டு பேரும் வாங்க, பேசுவோம்" என்றாராம்.

அவருடைய ஆபீஸ் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது. சுவரை ஒட்டிக் கறுப்புக் கேபிள் சுருள்கள் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்ததுமே எனக்கு வாயெல்லாம் பல். டீ வருவதற்குள் என் திட்டம் முழுவதையும் அள்ளி விட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி. ஒங்க ஊரு அம்மன் கோயில் சப்பரம் எவ்வளவு உசரம்?"

நான் சிரிப்போடு மனைவியைப் பார்த்தேன். இன்டர்நெட்டுக்கும் சாமி ஊர்வலம் வருகிற சப்பரத்துக்கும் என்ன சம்பந்தம்?

"சிரிக்காதீங்க. நான் தொழில் ஆரம்பிச்ச வருசம் கோயில் கொடைத் திருவிழாவுல வாங்கிக் கட்டிக்கிட்டேன். தெருவுக்குக் குறுக்க கேபிள் தாழ்வா கெடந்துச்சு. சப்பரம் வந்து முட்டி நின்னுட்டு. சாமி நிக்கலாமா? ஒருத்தரு அருவாள எடுத்து ஒரே வெட்டு. சாமி போயிட்டு. மறுநாள் வெட்டுன மனுசனே எனக்குப் போன் போட்டு, 'என்ன தாயி, நெட்டு வரல'ங்காரு!"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அதனால கம்பம் நடுறதுக்கு முன்னால தெருவுல என்னவெல்லாம் போவும்னு பாருங்க. சப்பரம், வைக்கோல் லாரி, வாழைத்தார் லாரி. ஒங்க தெருவுல சந்தனக்கூடு உண்டுல்லா, அது எவ்வளவு உசரம்?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். கூடு என்பது தர்காவின் கந்தூரி விழாவுக்கு வண்ணக் காகிதமும் விளக்குமாக ஜோடித்து ஊர்வலத்தில் இழுத்து வருகிற கோபுரம். "அது சின்னதுதான். எங்க வீட்டு வாசல் நிலை உசரந்தான் இருக்கும்" என்றேன் ஜம்பமாக.

மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அது நீங்க ஊர்ல இருந்த காலத்துக் கூடு. இப்ப நம்ம மாடிக் கைப்பிடிச் சுவரத் தாண்டிப் போவுது."

"வருசா வருசம் போன்ல காட்டுனியே. எனக்கு அப்படித் தெரியலையே?"

"நான் அடியிலருந்து பைய மேல தூக்கிக் காட்டுவேன். பாதி போறதுக்குள்ள படம் அப்படியே நின்னுரும். நீங்க நின்னுபோன படத்தப் பாத்து, 'மாஷா அல்லாஹ், ஜோரா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு இருப்பிய. சந்தோசமா இருக்கியளேன்னு நானும் விட்டுருவேன்."

கந்தூரி சமயத்தில் எனக்கு ஒரு வருடமும் லீவு கிடைத்ததில்லை. ஆனால் ஒரு கந்தூரியையும் தவறவிடவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தோழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன் அண்ணாச்சி. லைசென்ஸ் எங்கிட்ட இருக்கு. எங்கிட்டருந்து லைன் எடுத்து நீங்க ஊர்ல குடுக்கலாம். மொத்த ஊரும் வேண்டாம், ரெண்டு தெருவுல ஆரம்பிங்க. ஆனா மச்சினன்கிட்ட விட்டுட்டுப் போறதா இருந்தா நான் லைன் தர மாட்டேன். காத்துல கேபிள் அறுந்தா ஊரே ஒங்க வாசல்லதான் வந்து நிக்கும். அப்ப நீங்க அங்கன இருக்கணும்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கேபிள் சுருள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"டிக்கெட்டு?" என்றாள் அவள், திரும்பாமலே.

"அது கெடக்கட்டும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். "இந்தா பாரு, எவ்வளவு தாழ்வா இழுத்திருக்கான்! இங்கன ஒரு வைக்கோல் லாரி வந்தா என்ன ஆவும்?" என்று கத்தினேன். "பஸ்ல எல்லாரும் பாக்காவ, பைய பேசுங்க" என்றாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கந்தூரிக் கமிட்டிக்காரர்களிடம் போய்க் கூட்டின் உயரத்தைக் கேட்டேன். நான் நினைத்துவைத்திருந்த கம்பங்களெல்லாம் அதன் இடுப்புக்குத்தான் வரும். கோயில்காரர்களிடம் சப்பரத்தின் உயரத்தையும் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற மாதிரி இரும்புக் குழாய்களை வாங்கி நட்டேன். துபாய்க்குப் போக வேண்டிய நாளில் நான் ஏணி மேல் நின்று கேபிள் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடக் கந்தூரியில் கூடு விடியற்காலை எங்கள் தெருவுக்கு வந்தது. கேபிளைத் தூக்கிவிட ஒரு கவட்டைக் கம்போடு வாசலில் நின்றேன். கம்புக்கு வேலையே வரவில்லை. கூடு கேபிளுக்குக் கீழே தாராளமாகப் போயிற்று.

துபாயில் என்னோடு ஒரே அறையில் இருந்த பத்தமடைக்காரர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் புது லைனிலேயே அவருக்கு வீடியோ கால் போட்டேன். மனைவி செய்வதைப் போலவே போனை அடியிலிருந்து மெல்ல மேலே தூக்கினேன். பச்சைக் காகிதம், சரிகை, விளக்குகள், அதற்கும் மேலே வெள்ளித்தாளில் வெட்டிய பிறை.

"ஏ, உச்சியில பிறை தெரியுதுவே!" என்று அவர் கத்தினார். "படம் நிக்கவே இல்லையே!"

நான் அந்த உச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, அவுகளும் இப்பதான் மொதத் தடவையா பாக்காக" என்றாள்.