வலிக்காத ஊசி

ராணியம்மாளுக்கு மணிக்கட்டும் விரல் மூட்டும் வீங்கி வருஷக்கணக்காகிறது. மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிற கை. பெரியாஸ்பத்திரி மாத்திரைக்கு வீக்கம் வடியும், பிறகு வரும். விடியற்காலையில் விரல் மடங்காது.

சின்னசேலத்தில் ஒரு மாடியறையில் அருள்மொழி என்கிற பெண் அக்குபஞ்சர் ஊசி போடுகிறாள் என்று கேட்டுப் போனாள். மாத்திரையை நிறுத்தக்கூடாது, இது வலிக்கு ஒரு துணைதான் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ராணியம்மாள் கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினாள்.

"குத்தும்மா, நான் தாங்கிக்குவேன்."

"குத்தியாச்சும்மா. நிக்குது பாருங்க."

மயிரிழை மாதிரி ஊசிகள் மணிக்கட்டில் நின்றன. மெல்லிசு ஊசி, குத்துவதே நிறைய பேருக்குத் தெரியாது என்று அருள்மொழி சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அப்பன் ஞாபகம்தான் வந்தது.

அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊருக்கு வந்த சுகாதாரக்காரர், அவள் அப்பன் கையிலிருந்த தேமலில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். அப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, எப்போது குத்துவீர்கள் என்று கேட்டார். அன்றைக்குத் தெரிந்தது, பெருநோய், குஷ்டம். மருந்து தின்று நோய் போயே போனது. ஒட்டிக்கொள்ளும் என்று வாசலுக்குப் போன அவர் சோற்றுத் தட்டு மட்டும் திரும்ப வீட்டுக்குள் வரவில்லை. அவரோடு சேர்த்து அதையும் புதைத்தார்கள்.

வீடு வந்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தாலிக்கயிற்றில் ஊக்கு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துக் குத்தினால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் பயம். பேத்தி தனுஷா மடியேற வந்தால் விலக்கினாள். தன் தட்டைக் கழுவி மாட்டுக் கொட்டகையில் செருகி வைத்து, அங்கேயே தின்றாள். புருஷன் வீரமுத்து கேட்டுக் கேட்டு அலுத்தான். பிடிவாதக்காரி, கேட்கும்போதெல்லாம் தட்டோடு எழுந்து போனாள். கடைசியில் அவனும் சோற்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னாடி இது, தட்டத் தனியா வச்சிக்கினு?"

சொன்னாள். ஊசி வலிக்காததை, அப்பனுக்கு வந்ததை, எல்லாம். அவன் அவள் கழுத்து ஊக்கைக் கழற்றினான். வேண்டாம் என்று கையை இழுத்தாள். அவன் விடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினான்.

சுரீரென்றது. மற்ற கையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பாவி, நான் இன்னா மாடா? ரத்தம் வருது பாரு."

"வலிக்குதா?"

"வலிக்காம?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "அந்தக் கையயும் காட்டு."

காட்டினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.