வீப்கே அத்தையும் வானிலை அறிக்கையும்

வட கடலில் எங்கள் தீவு தட்டைக் கவிழ்த்தது போல இருக்கும். இலையுதிர்காலத்தில் கடல் பொங்கினால் புல்வெளியும் பாதையும் முழுகிவிடும். மண்மேட்டின் மேல் கட்டிய வீடுகள்தான் மிஞ்சும். நீர் வடியும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது. அதனால் வானொலியில் வானிலை அறிக்கையை எல்லோரும் பயத்தோடு கேட்பார்கள். என் அத்தை வீப்கே மட்டும் ஆசையோடு கேட்பாள்.

அவளுக்கு ஆட்டு டாக்டர் மொம்மே மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அவரோ கூச்ச சுபாவி. ஊசி போட்ட கையோடு படகேறிவிடுவார்.

"மேற்குக் காற்று பலமாக வீசும், கடல் மட்டம் வழக்கத்தைவிட மிக உயரும்" என்று வானொலி சொன்னதுதான் தாமதம், அத்தை போனை எடுத்தாள்.

"டாக்டர், ஆடு பயங்கரமா இருமுதுங்க!"

ஆடு என் பக்கத்தில் நிம்மதியாக முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்தது.

அவர் வந்து அதைத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் படகுத்துறைப் பாதை முழுகிவிட்டது.

"அடடா, கடல் இப்படி ஏறும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அத்தை.

"எனக்கும் சுத்தமா தெரியாதுங்க" என்ற டாக்டர், மருந்துப் பெட்டியைத் திறந்து வீட்டுச் செருப்பையும் பைஜாமாவையும் வெளியே எடுத்தார்.

நான் சிரிப்பதற்குள் அத்தை முறைத்தாள். "கொட்டகையில வேலை இருக்கு, போடா!"

ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போய், வேண்டுமென்றே வெகு நேரம் அங்கேயே இருந்தேன்.