ஒற்றை நட்சத்திரப் பெட்டி

ஆர்டிஸ் குவாமுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். வெண்டல் என்கிற அந்த மனுஷனை "கிடைக்கவில்லை" என்று எழுத வைத்துவிட வேண்டும். பேத்தி கல்யாணம், புது இடுப்பு மூட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில், டாமராக் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேரைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் அவள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்தே, பின்சீட்டில் எவன் சட்டைக்குள் தவளை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஏரிக்கரை மாநிலப் பூங்காவில் ஜியோகேச்சிங் விளையாடும் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவிட்டு, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியும் கையுமாக முட்செடிக்குள் புகுந்து தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வருவார்கள். கிடைக்காதவர்கள் "கிடைக்கவில்லை" என்று ஊரறிய இணையத்தில் எழுத வேண்டும். எல்லாரும் வளர்ந்த மனிதர்கள்தான். ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள்.

வெண்டல் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கிக் காலம் தள்ளியவன். ஆர்டிஸ் உள்ளே குடைந்தெடுத்த பைன் மரக் காயில் ஒளித்தாள், கண்டுபிடித்தான். வேலிக் கம்பத்தில் போலி போல்ட் செய்து மாட்டினாள், காப்பி ஆறுவதற்குள் திருகி எடுத்துவிட்டான். அவள் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த பறவைக்கூட்டைப் பற்றி இணையத்தில், "பரவாயில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லா இருக்கும்" என்று எழுதிவிட்டுப் போனான். சனிக்கிழமை தோறும் பான்கேக் கடையில் கூடும்போது, "அந்த வார்த்தையை நான் இதுவரைக்கும் எழுதினதே கிடையாது" என்று மார்தட்டுவான். ஆர்டிஸுக்கு வயிறு பற்றி எரியும்.

அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. போல்ட்டைக் கண்டால் திருகுகிறவன், பைன் காயைக் கண்டால் தட்டிப் பார்க்கிறவன். எதையும் நம்பாத ஆளை ஏமாற்ற வேண்டுமென்றால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டியதுதான். படகுத்துறைக்குப் பக்கத்தில் வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டைக்குப் பின்னால், சாதாரண பிளாஸ்டிக் டப்பாவை வைத்துச் சுள்ளியால் மூடினாள். கடினம் என்ற இடத்தில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதாவது ரொம்பச் சுலபம். குறிப்பு: "அடிக்கட்டைக்குப் பின்னால்." உள்ளே, தன் கையால் செய்த பீனட் பட்டர் சாக்லெட் துண்டுகளை மெழுகுத்தாளில் சுற்றி வைத்தாள். நாய் படாத பாடு பட்டு வெண்டல் கடைசியில் திறக்கும்போது, அவன் வாயை அடைக்க ஏதாவது வேண்டாமா?

மறுநாள் விடியற்காலை பெட்டியின் விவரம் இணையத்தில் ஏறியதும் வெண்டல் வந்துவிட்டான். அவளும் சந்தேகம் வராதபடி அடிக்கட்டைக்கு முதுகைக் காட்டி, மீன் பிடிக்கிற பாவனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"ஒரு நட்சத்திரமாம்ல?"

"ஆமா."

"யாருக்கும்மா காது குத்துறே?"

"குறிப்பைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன் படிச்சேன். பின்னாலன்னா முன்னால. அடின்னா உச்சி. உன் புத்தி எனக்குத் தெரியாதா?"

கம்பம் ஏறுகிற பழைய முள் பூட்ஸை மாட்டிக்கொண்டு மரம் மரமாக ஏறினான். அறிவிப்புப் பலகையின் ஆணிகளையெல்லாம் திருகிப் பார்த்தான். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தைக் கழற்றப்போய் பூங்கா அதிகாரியிடம் திட்டு வாங்கினான். ஆர்டிஸ் தூண்டிலில் புழுகூட மாட்டாமல் உட்கார்ந்து ரசித்தாள். பக்கத்து மாநிலமான இல்லினாயிலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தை குட்டிகளோடு தேடிவிட்டு "கிடைக்கவில்லை" என்று எழுதியது. "இல்லினாய்க்காரங்கதானே" என்று இளக்காரமாகச் சொல்லிக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். இப்படிப் பலர் எழுதினால் ஒளித்தவர் போய்ப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். ஆனால் அவள் அந்தப் பக்கம் தலைகாட்டினால் வெண்டல் மோப்பம் பிடித்துவிடுவானே! தவிர, தன் மூளையை நினைத்து அவளுக்கே புல்லரித்துக் கிடந்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பான்கேக்கைத் தொடாமல் வெண்டல் கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் தட்டினான். ஆர்டிஸின் கைபேசி சிணுங்கியது. பார்த்தாள். வாயெல்லாம் பல்.

"கிடைக்கவில்லை!" என்று கடைக்கே கேட்கும்படி படித்தாள். கேட்காதவர்களுக்காக இன்னொரு தரம் படித்தாள். "வாங்க எல்லாரும். இப்பவே காட்டுறேன்."

எல்லாரையும் அடிக்கட்டைக்குக் கூட்டிப் போய், சுள்ளியை மந்திரவாதி மாதிரி விலக்கினாள். அங்கே வெறும் மண்.

அவள் தோழி லவான்தான் நாணலுக்குள்ளிருந்து டப்பாவின் மூடியைப் பொறுக்கி வந்தாள். ஓரமெல்லாம் பல் தடம். கூடவே மெழுகுத்தாள், கழுவித் துடைத்ததுபோல.

"உள்ளே என்ன வச்சே?" என்றான் வெண்டல்.

ஆர்டிஸ் மெழுகுத்தாளைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஐயையோ, தின்கிற சாமானா?" லவான் தலையிலடித்துக்கொண்டாள். "பெட்டிக்குள்ள தின்கிறது வைக்கக்கூடாதுன்னு புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் நீதானேடி சொல்லிக்கொடுப்பே! காட்டுல திருடித் தின்கிற ரக்கூனுக்கு விருந்து வச்சிருக்கியே!"

"நான் முதல் நாள் முதல்ல இங்கதான் பார்த்தேன்" என்றான் வெண்டல். "இல்லை. அதனாலதான் நீ புளுகுறேன்னு நினைச்சேன்."

"போன வாரம்கூட அது தூக்கிட்டுப் போயிருக்கலாமே, யார் கண்டா?" என்று லவான், மூழ்குகிறவளுக்கு வீசுவதுபோல், அவள் பக்கம் ஒரு கயிறு வீசினாள். ஆர்டிஸுக்கு அதைப் பிடித்துக்கொள்ள நாக்கு துடித்தது. ஆனால் இல்லினாய்க் குழந்தைகள் நினைவுக்கு வந்தன. அந்த வாண்டுகள் கண்ணில் படாமல் அந்த டப்பா தப்பியிருக்கவே முடியாது. ஒரு கோடை முழுக்க அவள் காவல் காத்தது வெறும் சுள்ளியை. அவமானத்தில் முகம் காதுவரை சிவந்தது.

"அழிச்சிரு" என்றாள். "இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பே. அந்த வார்த்தை செல்லாது."

வெண்டல் கைபேசியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"எப்படி அழிக்கிறதுன்னு தெரியலையே ஆர்டிஸ். எழுதிப் பழக்கமில்லை பாரு." கைபேசியை அவளிடமே நீட்டினான். "உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

தெரியும்தான். அவள் அந்த வார்த்தையை எத்தனையோ தரம் எழுதி, வெட்கப்பட்டு அழித்தவள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தவமிருந்து வாங்கிய அந்த ஒற்றை வார்த்தையைத் தன் விரலாலேயே அழுத்தி அழித்துக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்று தொப்பியைக் கழற்றி மரியாதையாகச் சொன்னான், படுபாவி.