யானைக்கட்சிக்கு நேத்தி வைச்ச ரத்தினவேலர்

கனடாவிலை, ரொறன்ரோவின்ரை வெக்ஸ்போர்ட் பகுதியிலை, லோறன்ஸ் றோட்டோரம் நிக்கிற அப்பாட்மென்ட் ஒண்டிலை, அமெரிக்க அரசியலைப் பற்றி அமெரிக்கனுக்கே வகுப்பெடுக்கக்கூடிய ஒரு மனுசன் இருந்தார். பேர் இரத்தினவேல். மெத்தை செய்யிற கொம்பனியிலை பகல் வேலை. அமெரிக்காவிலை ஒருநாளும் கால் வைச்சதில்லை. கால் வைக்க வேண்டி வந்திடுமோ எண்ட பயத்திலைதான் மனுசன் அந்த அரசியலையே படிக்கத் தொடங்கினவர்.

விசயம் இதுதான். அவற்றை மனிசி பாலேஸ்வரிக்கு ஒரு தமையன், குலவீரசிங்கம். நியூ ஜேர்சியிலை எஞ்சினியர், அமெரிக்கச் சிற்றிசன். எண்பத்தாறிலை அந்தாள் ‘சகோதரங்களைக் கூப்பிடுறது’ எண்ட பிரிவிலை தங்கச்சிக்கு ஸ்பொன்சர் குடுத்தவர். அது பத்து வருசக் கியூ. தொண்ணூற்றாறு பிறக்க, கியூவின்ரை முன்பக்கம் தெரியத் தொடங்கிட்டுது. பாலேஸ்வரிக்கு நித்திரையிலையும் நியூ ஜேர்சி. எந்தச் சாறியைக் கொண்டுபோறது, எந்தச் சட்டியை விட்டிட்டுப் போறது எண்டதெல்லாம் முடிவு.

ரத்தினவேலருக்கு அந்தச் சாறிக் கணக்கே பிடிக்கேல்லை. குலவீரசிங்கத்தின்ரை வீட்டுக்குக் கீழை, பேஸ்மென்டிலை குடியிருக்கிறதெண்டால் சும்மாவே? மகள் மயூரி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ரொறன்ரோ வந்த மச்சான், வந்தவுடனை பிரிட்ஜைத் திறந்து பாத்திட்டுத் தலையை ஆட்டினவர். ரத்தினவேலர் சோத்தைக் குழைச்சால், “கொஞ்சம் கொஞ்சமா எடுங்கோவன்” எண்டவர். சபையிலை ஆளை அறிமுகப்படுத்தேக்கை, “இவர் பெடிங் லைனிலை இருக்கிறார்” எண்டு சொல்ல, பாதிச் சனம் இவர் நித்திரை கொள்ளுறதுக்குச் சம்பளம் எடுக்கிறார் எண்டு நினைச்சுது. அந்த மனுசனுக்குக் கீழை வாழுறதோ? அதோடை சனிக்கிழமைச் சீட்டாட்டம் போச்சு. காசில்லாமல் மருந்தெடுக்கிற ஆஸ்பத்திரி காட் போச்சு. பிளாசாவிலை நிண்டு ஊர்வம்பளக்கிற சுகமும் போச்சு.

அப்பிடி இருக்கேக்கைதான் ஒரு பின்னேரம், எல்லைக்கு அங்காலை இருக்கிற அமெரிக்கப் பவலோ சனலிலை செய்தி போகுது. வொஷிங்டனிலை ஒரு சட்டம் வருகுதாம். கள்ளமா வாறவையைத் தடுக்கிறதோடை, ஒழுங்கா வாறவையிலையும் வெட்டாம். சகோதரங்களைக் கூப்பிடுற பிரிவையே தூக்கப்போகினமாம். கொண்டு வாறது ஆர்? கொன்சவேட்டிவ்மார்.

ரத்தினவேலருக்கு வந்த சந்தோசப் புளுகம் சொல்லி மாளாது. வாயிலை இருந்த பருத்தித்துறை வடை புரைக்கேறிப் போச்சு.

“என்னப்பா, உந்தச் செய்தி கேட்டனீங்களே?” எண்டு பாலேஸ்வரி குசினிக்குள்ளாலை ஓடியந்தா.

“கேட்டனப்பா,” எண்டார், செத்தவீட்டு முகத்தோடை. “நெஞ்சு அடைக்குது.”

“நடவாது. உது நடவாது.”

“உமக்குத் தெரியாது. அவங்கள் கொன்சவேட்டிவ்காரர்.”

மனுசனுக்கு அதிலை ஒரு கணக்கிருந்துது. போன வருசந்தான் இஞ்சை ஒன்ராறியோ மாகாணத்திலை கொன்சவேட்டிவ் வெண்டு, வந்த கையோடை இல்லாதவைக்குக் குடுக்கிற வெல்பெயர் காசை வெட்டினது. அப்ப ரத்தினவேலர் அந்தக் கட்சியைத் திட்டாத திட்டில்லை. இப்ப யோசிச்சார்: இஞ்சத்தையானே இந்த வெட்டு வெட்டினால், அமெரிக்காக்காரன் அவனுக்கு மூத்தவன், பெரிய கத்தியோடை நிப்பான். அதோடை அவங்கடை சின்னம் யானை. இலங்கையிலை யானைக்கட்சியைப் பாத்து வளந்த ஆளுக்கு அது போதும். அங்கை தலைவர் கை தூக்கினால் பின்னாலை இருக்கிற அவ்வளவு பேரும் தூக்குவினம். நித்திரையிலை இருக்கிறவனும் தூக்குவான். அப்ப அமெரிக்கக் கீழ்ச்சபையிலை யானையள்தான் கூட எண்டால், விசயம் முடிஞ்சுதெல்லோ?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு நேத்தியும் வைச்சார். யானைக்கட்சிக்கு யானைமுகத்தானைத்தானே பிடிக்கவேணும். பக்கத்திலை பாலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு, இந்தச் சட்டம் கவிண்டு போகவேணும் எண்டு கும்பிடுறா. ஒரே தீபாராதனையிலை ஒரே வீட்டிலையிருந்து ரெண்டு மனு. பிள்ளையார் பாவம்.

இந்த ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆள் அகஸ்ரின். அதே மெத்தைக் கொம்பனியிலை பாரம் தூக்கி முதுகு பிடிச்சு, இப்ப வீட்டோடை நிக்கிறவன். பொழுது போகாமல் லைபிரரியிலை குந்திக்கொண்டு அமெரிக்கப் பேப்பரெல்லாம் கரைச்சுக் குடிக்கிறவன். சீட்டாட வந்தவன் சொன்னான்:

“ரத்தினண்ணை, நீங்கள் நினைக்கிற மாதிரி உந்த யானையள் ஒரு மந்தையில்லை.”

“ஏன், வேறை என்ன? எல்லாருக்கும் தும்பிக்கை இருக்குத்தானே.”

“இருக்கு. ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம் தூக்கும். வரியைக் குறையெண்டு கத்துறவனும் கொன்சவேட்டிவ். பள்ளிக்கூடத்திலை செபம் வேணும், கருக்கலைப்புக் கூடாது எண்டுறவனும் கொன்சவேட்டிவ். சுடுற துவக்கிலை கை வையாதை எண்டுறவனும் அதுதான். வெளியாள் வராதை, கதவைச் சாத்து எண்டுறவனும் அதுதான்.”

“எல்லாம் ஒரே வீட்டுக் குஞ்சுகுருமான்தானே! கதவைச் சாத்தெண்டால் எல்லாருமாச் சேந்து சாத்துவாங்கள்.”

“சாத்தமாட்டாங்கள். செபக்காரன் சொல்லுறான், அண்ணன் தங்கச்சி சேருறது குடும்பம், அதைப் பிரிக்காதை எண்டு. கொம்பனிக்காரன் சொல்லுறான், எனக்கு வேலைக்கு ஆள் வேணும் எண்டு. ரெண்டு பேரும் சுத்தக் கொன்சவேட்டிவ். ரெண்டு பேரும் இந்தச் சட்டத்துக்கு எதிர். கலியாணம் பேசேக்கை என்ன செய்யிறம்? ‘நல்ல குடும்பம்’ எண்ட கதையோடை பெட்டையைக் குடுக்கிறமே? பொடியன் ஆர், எங்கை போறான், ஆரோடை திரியிறான் எண்டு விசாரிக்கிறமெல்லோ. உவங்களையும் அப்பிடித்தான். ஒவ்வொருத்தனும் எதுக்குக் கை தூக்கினவன் எண்டு விசாரிக்கவேணும்.”

“போடா விசரா. சீட்டைப் போடு.”

பங்குனி கடைசியாகேக்கை கீழ்ச்சபையிலை வாக்கெடுப்பு நடந்துது. ரத்தினவேலர் வேலையாலை வந்து, சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் ரீவிக்கு முன்னாலை. செய்தி வாசிக்கிற வெள்ளைக்காரி சிரிச்சுக்கொண்டு சொல்லுறாள்: சகோதரப் பிரிவைத் தூக்கிற பகுதி தோத்திட்டுதாம். கழுதைச் சின்னத்து மற்றக் கட்சிக்காரரிலை பெரும்பங்கு எதிர்த்தது எதிர்பாத்ததுதான். அதுக்குமேலை, யானைக்கட்சிக்குள்ளையிருந்து எழுபதுக்கு மேலை ஆக்கள் அந்தப் பக்கம் தாவியிருக்கினம். ஆளாளாப் பாத்தால் எல்லாம் வரி வெட்டுறவை, செபம் படிக்கிறவை, கொன்சவேட்டிவிலை ஊறின பழங்கள். இதுக்குள்ளை கழுதையள் கொஞ்சம் கதவைச் சாத்தக் கை தூக்கியிருக்கு!

“கடவுளே! பிள்ளையாரப்பா!” எண்டு பாலேஸ்வரி துள்ளிக் குதிச்சு, அந்த வேகத்திலையே றவைக் கேசரி கிண்டத் தொடங்கினா. கயூவும் காய்ஞ்ச திராட்சையும் அள்ளிப் போட்டா.

ரத்தினவேலர் அந்தக் கேசரியை விழுங்கினது போல ஒரு மனுசன் நஞ்சைக்கூட விழுங்கியிருக்க மாட்டான்.

“இனிப்புப் போதுமே?” எண்டு பாலேஸ்வரி கேட்டா.

“கூடிப்போச்சு,” எண்டார்.

அடுத்த கிழமை மச்சானின்ரை ரெலிபோன். பேஸ்மென்டுக்குப் பெயின்ற் அடிக்கிறாராம். ரத்தினவேலருக்கு ஏத்த வேலையும் கதைச்சு வைச்சிருக்கிறாராம், ஒரு வெயர்ஹவுசிலை, மச்சானின்ரை கூட்டாளிக்குக் கீழை. வீட்டிலை மச்சானுக்குக் கீழை, வேலையிலை மச்சானின்ரை கூட்டாளிக்குக் கீழை. இனி மேலை எண்டொரு இடம் சுடலையிலைதான்.

ரெலிபோனை வைச்ச பாலேஸ்வரிக்கு ஒரே பெருமை. “அண்ணான்ரை வீட்டிலை போன மாசம் ஆர் வந்து சாப்பிட்டது தெரியுமே? வொஷிங்டன் சபையிலை அந்தத் தொகுதிக்கு இருக்கிற கொங்கிரஸ்காரர். அண்ணா அவருக்குக் காசு சேத்து விருந்து வைச்சவர். ரெண்டு பேரும் தோளிலை கை போட்டுப் படம் எடுத்தவை. அவரும் கொன்சவேட்டிவ்தான். ஆனா அண்ணா சொல்லித்தான் எங்கடை பக்கம் கை தூக்கியிருப்பார்.”

ரத்தினவேலர் இதை ஒரு பின்னேரம் வீட்டை வந்த அகஸ்ரினுக்குச் சொல்ல, அவன் முதுகு நோவையும் மறந்து நிமிந்து இருந்தான்.

“அண்ணை, அந்தாளை விசாரிப்பமே?”

“எப்பிடி?”

“அவற்றை கந்தோருக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டால் சொல்லுவினம். தொகுதி ஆளெண்டால் இன்னும் வடிவாச் சொல்லுவினம்.”

“நாங்கள் தொகுதி ஆளில்லையே.”

“உங்கடை மச்சான் தொகுதி ஆள்தானே,” எண்டு சொல்லிக்கொண்டு, குசினி ரெலிபோனை எடுத்து ரெலிபோன் கொம்பனியின்ரை விசாரணைக்கு அடிச்சு அந்தக் கந்தோர் நம்பரும் எடுத்துப் போட்டான். ரத்தினவேலர் வேண்டாம் வேண்டாம் எண்டு கையாலை காட்டுறார். கால் மட்டும் ஆர்வத்திலை ரெலிபோனடிக்கு நகருது.

பாலேஸ்வரி அறைக்குள்ளை உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தா. அந்த அறைக்குள்ளையும் அதே லைனிலை ஒரு ரெலிபோன் இருந்துது. பிளாசாவிலை வேலை செய்யிற சிநேகிதி பேபிக்கு அடிச்சு, நியூ ஜேர்சிக்குப் போறம் எண்டு ஒருக்காப் புளுகுவம் எண்டு அவ தூக்கின நேரமும் இதுதான்.

“குட் ஆப்ரனூன்,” எண்டான் அகஸ்ரின், தொண்டையைச் செருமி, எஞ்சினியர் குரலிலை. “திஸ் இஸ் குலவீரசிங்கம்.”

அங்காலை ஒரு இளம்பெட்டை. குரலிலை தேன் ஒழுகுது. “ஓ! மிஸ்டர் குலவீரசிங்கம்! அந்த இடியப்பத்தைப் பற்றித்தான் கொங்கிரஸ்காரர் இன்னும் கதைக்கிறார்!” எண்டு இங்கிலீசிலை குழைஞ்சாள்.

“நன்றி, நன்றி. அந்த இமிக்கிரேசன் சட்டத்திலை அவர் எந்தப் பக்கம் எண்டு…”

“நீங்கள் விருந்திலை கேட்டபடிதான்! சகோதரப் பிரிவைத் தூக்கவேணும் எண்டுதான் வாக்குப் போட்டவர். தோத்தது எங்களுக்கும் கவலைதான். ஆனா உங்கடை கதையை அவர் மறக்கேல்லை. ஒருத்தர் வந்தால், அவற்றை மனிசியின்ரை அண்ணன், அண்ணன்ரை மனிசியின்ரை தங்கச்சி எண்டு சங்கிலி மாதிரி வந்துகொண்டே இருப்பினம் எண்டு சொன்னீங்களே, அதை அவர் சபையிலையும் பேசினவர்!”

அகஸ்ரினின்ரை வாய் ஆவெண்டு நிண்டுது. ரத்தினவேலர் காதை ரெலிபோனோடை இன்னும் நெருக்கி ஒட்டினார். அந்த நேரம் லைனுக்குள்ளை ஒரு மூச்சு. அது அகஸ்ரினின்ரை மூச்சுமில்லை, வொஷிங்டன் மூச்சுமில்லை.

அறைக்கதவு திறந்துது. பாலேஸ்வரி ஒரு சாறியைப் பாதி மடிச்சபடி நிண்டா.

“வையுங்கோ ரெலிபோனை,” எண்டா. அகஸ்ரின் வைச்சான். “தள்ளுங்கோ.” ரெண்டு பேரும் தள்ளினவை.

அவ நியூ ஜேர்சிக்கு அடிச்சா.

“அண்ணா, உங்கடை கொங்கிரஸ்காரரிட்டை எங்களை விடவேண்டாம் எண்டு சொன்னனீங்களே?”

குலவீரசிங்கம் பொய் சொல்லுற ஆளில்லை, அதையும் சொல்லவேணும். குரலை உயர்த்தாமல் விளக்கினார். அவர் சோதினை பாசாகி, வேலையெடுத்து வந்தவராம். வரியெல்லாம் ஒழுங்காக் கட்டுறவராம். நாடு எண்டால் படிச்சவையை எடுக்கவேணும், சொந்தக்காரரின்ரை சொந்தக்காரரை இல்லையாம். “அது பொதுக்கொள்கை, பாலேஸ். நான் கொன்சவேட்டிவ். உனக்குப் போட்ட ஸ்பொன்சரை நான் திருப்பி எடுக்கேல்லையே. அது வேறை, இது வேறை.”

“அப்ப தங்கச்சி வரலாம், தங்கச்சிமார் வரக்கூடாதோ?”

“நீ அதை அப்பிடிப் பாக்கக்கூடாது…”

“வேறை எப்பிடிப் பாக்கிறது? சட்டம் வெண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்? ‘ஐயோ தங்கச்சி, அரசாங்கம் கதவைச் சாத்திப் போட்டுது’ எண்டு ரெலிபோனிலை அழுதிருப்பியள், என்ன?”

“பாலேஸ், நான் சொல்லுறதைக் கேள்…” எண்டார் குலவீரசிங்கம்.

“எனக்கும் ஒரு கொள்கை இருக்கண்ணா. என்னை வராதை எண்டு கை தூக்கினவனுக்கு இடியப்பம் அவிச்சுப் போட்ட வீட்டிலை நான் வந்து இருக்கமாட்டன். பேஸ்மென்டுக்கு அடிச்ச பெயின்ற் நல்லாக் காயட்டும்.”

டொக்கெண்டு ரெலிபோனை வைச்சா.

அகஸ்ரினுக்கு முதுகு திடீரெண்டு நோகத் தொடங்கி, வீட்டை போகவேணும் எண்டு எழும்பிட்டான். போகேக்கை ரத்தினவேலரின்ரை காதுக்குள்ளை சொன்னான்: “அண்ணை, ஒரு கூட்டம் கொன்சவேட்டிவ் உங்களை அமெரிக்காவுக்கு அனுப்பப் பாத்தாங்கள். ஒரு கொன்சவேட்டிவ் காப்பாத்திப் போட்டான்.”

ரத்தினவேலருக்கு நெஞ்சுக்குள்ளையிருந்து ஏதோ குமிழி குமிழியா மேலை வருது. மனிசி சோபாவிலை இருந்து கண்ணைத் துடைக்கிறா. இந்த நேரம் பல்லுத் தெரிஞ்சால் குடும்பம் குலையும். “நான் ஒருக்கா முகம் கழுவிக்கொண்டு வாறன்,” எண்டு பாத்றூமுக்குள்ளை பூந்து, கதவைப் பூட்டி, பைப்பை முழுசாத் திறந்துவிட்டு, துவாயை வாய்க்குள்ளை அடைஞ்சுகொண்டு சிரிச்சார். சிரிச்ச சிரிப்பிலை பாத்ரப் விளிம்பிலை இருந்தவர் சறுக்கி உள்ளுக்கை விழுந்தார். விழுந்தும் சிரிப்பு நிக்கேல்லை. ஷவர்ச் சீலையும் கூடவே வந்துது.

கதவிலை தட்டுச் சத்தம்.

“இஞ்சருங்கோ.”

“ஓ…ஓமப்பா.”

“துவாயை எடுத்திட்டுச் சிரியுங்கோ. மூச்சு முட்டப்போகுது.”

பைப்பை நிப்பாட்டினார்.

“நீங்கள் அண்டைக்குக் கேசரி திண்ட முகத்தை நான் காணேல்லை எண்டு நினைச்சியளே? இவ்வளவு வருசம் உங்களோடை இருக்கிறன். சரி, அமெரிக்கா வேண்டாம். ஆனா இந்த அப்பாட்மென்டிலை நான் சாகமாட்டன். ரொறன்ரோவுக்கு அங்காலை பிக்கரிங்கிலை புது வீடுகள் கட்டுறாங்களாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாக்கிறம்.”

“பிக்கரிங்கோ? அங்கையிருந்து மெத்தைக் கொம்பனிக்கு…”

“விடிய எழும்பினால் ரெயின் இருக்கு.”

“சனிக்கிழமைச் சீட்டு?”

“அகஸ்ரினும் ரெயினிலை வரட்டும். அண்ணாவின்ரை குரலிலை கதைக்கத் தெரிஞ்சவனுக்கு ரெயின் ஏறத் தெரியாதே?”

ரத்தினவேலர் பாத்ரப்புக்குள்ளை மல்லாந்து கிடந்தபடி, தலையிலை ஷவர்ச் சீலையோடை யோசிச்சார். தலைக்கு மேலை மச்சான் நடக்கமாட்டார். பிரிட்ஜை ஆரும் திறந்து பாத்துத் தலையாட்டமாட்டினம். சோத்தை விரும்பினபடி குழைக்கலாம்.

“ஓமப்பா,” எண்டார். “ரெண்டு பாத்றூம் உள்ள வீடாப் பாப்பம்.”

வெளியிலை பாலேஸ்வரி சிரிக்கத் தொடங்கிட்டா.