நண்டு உடைக்காத விரல்கள்

கடலூரில் பிறந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை இருந்தது தெரியுமா?

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். நாற்பது பேர். அன்றைக்கு அடுப்பு என் ஓரகத்தியுடையது. நான் வெங்காயம் உரிக்க மட்டும்!

இந்த வருஷம் அடுப்பைச் சண்டை போட்டு வாங்கினேன். "நண்டும் இறாலும் அவிக்கப் போறேன். எங்க ஊர் கடற்கரையில செய்யற மாதிரி."

"கெட்டுப்போச்சுன்னா அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் ஓரகத்தி.

சரிதான், பார்த்துவிடலாம்!

தம்பி விடிகாலை மீன் வண்டியில் ஐஸ் பெட்டி அனுப்பிவிட்டான். எங்கள் ஊரில் கடல் தண்ணீரிலேயே அவிப்பார்கள். ஆரணியில் கடலுக்கு எங்கே போவது? குழாய்த் தண்ணீரில் கல் உப்பைப் போட்டு, நாக்கில் வைத்து வைத்துப் பார்த்து, கடலையே கொண்டுவந்தேன்... மிகையில்லை, நிஜம். மஞ்சள், தட்டின பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம், மரவள்ளிக் கிழங்கு. கடைசியில் நண்டும் இறாலும். அண்டாவை வடித்து, வரிசையாக விரித்த வாழையிலைகளில் கொட்டினேன். செக்கச் சிவப்பாக ஆவி பறந்தது.

நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடக் கை வைக்கவில்லை.

உப்பு ஏறிவிட்டதா? வாய்விட்டே கேட்டேன். என் கொழுந்தன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வாசன ஆளத் தூக்குது அண்ணி. ஆனா இந்த ஓட்ட ஒடச்சா வெரலு கீறிக்கும். நாளைக்குத் தறியில குந்துனா பட்டு இழை வெரல்ல மாட்டிகினு வரும். பொடவயே பேஜாராயிடும்."

அத்தனை பேரும் நெசவாளிகள். பன்னிரண்டு வருஷம் பட்டுக்கு நடுவில் குடித்தனம் பண்ணிவிட்டு, இது எனக்குத் தோன்றவே இல்லையே! நண்டு என்றால் உடைப்பதுதானே பாதி ருசி என்று வளர்ந்தவள் நான்.

"நான்தான் அப்பவே சொல்லிகினு இருந்தனே... கோழி வெச்சிருந்தா இந்நேரம் பந்தி முடிஞ்சிருக்கும்" என்றார் ஓரகத்தி.

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. குழவிக்கல்லை எடுத்துவந்து பந்தி நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். உடைக்க ஆரம்பித்தேன். கால், கொடுக்கு, ஓடு... சதையை மட்டும் எடுத்து இலை இலையாக வைத்தேன்.

எதிரில் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். கையில் பாக்குவெட்டி. என் வீட்டுக்காரர்!

அந்த வீட்டில் தறிப் பக்கம் போகாதவர்கள் இரண்டே பேர்தான். பள்ளிக்கூட வாத்தியாரான அவரும், எழுதிப் பிழைக்கிற நானும். நெசவு வராத பிள்ளை என்று அவருக்கு வீட்டில் கேலி உண்டு.

"நம்ம வெரலுக்கு இன்னிக்குதான் வேலை வந்திருக்கு. ஜல்தியா ஒடை" என்றார்.

நாற்பது பேருக்கும் நாங்கள் இருவரே உடைத்துக் கொடுத்தோம். கொழுந்தன் நான்கு தடவை இலையை நீட்டினான். ஓரகத்தி சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்டாவின் அடியில் ஒரு கிழங்குகூட மிஞ்சவில்லை. விரலெல்லாம் கீறல், அதன் மேல் உப்புத் தண்ணீர். எரிந்த எரிச்சலுக்கு வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் அதெல்லாம் உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை, தறியில் இருந்த ஓரகத்திக்கு டீ கொண்டு போனேன்.

"ஐயோ, அங்கியே நில்லு! அந்தக் கையோட பட்டுகிட்ட வராத!" என்று கத்தினார். டீயை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலேயே குரல் வந்தது.

"ஆமா... அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி சேத்து அனுப்பச் சொல்லு ஒந்தம்பிய. எங்கம்மா வூட்லயும் கூப்புட்டுட்டேன்."

பிளாஸ்திரி போட்ட பத்து விரலையும் உயர்த்திக் காட்டிவிட்டு வந்தேன்.