லீஸ் காரின் தோல்

தொம்மலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பதினைந்து வருஷம் ஓட்டிய பிறகு எனக்கு லீஸ் கார் எடுக்கும் தகுதி வந்தது. வண்டி லீஸ் கம்பெனியின் பேரில் இருக்கும். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிற அன்று ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். சாதாரணத் தேய்மானம் என்றால் விட்டுவிடுவார். அதற்கு மேல் கீறலோ நசுங்கலோ மறுபடி பெயின்ட் அடித்த தடயமோ இருந்தால் என்னிடம் வசூலிப்பார்கள். ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு முழுப் பக்கம் இருந்தது. மற்றப் பக்கங்களை எல்லாம் புரட்டிவிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான்கு முறை படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த முதல் கார் அது. கருநீலம். வண்டிக்கு மாலை போட்டு, சாவியை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்து முடித்ததும், ஷோரூம் பையன் என்று சொல்ல முடியாத, நரை தொடங்கிவிட்ட விற்பனைக்காரர் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், ஃபுல் பாடிக்கும் பெயின்ட் ப்ரொடெக்ஷன் ஃபிலிம் போட்டுடலாம். கண்ணுக்கே தெரியாது. மூணு வருஷம் கழிச்சு ரிட்டர்ன் கொடுக்கறப்ப நேத்து எடுத்த வண்டி மாதிரி இருக்கும்."

அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க மேடம். ஆனா பெங்களூர் ரோடு யோசிக்காது" என்று சிரித்தார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நாம இருக்கறது வாடகை வீடு. அதுக்கு நீ டைல்ஸ் போடுவியா?"

"போன வீட்டைக் காலி பண்ணும்போது பெயின்டுக்குன்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையை ஓனர் பிடிச்சாரே, மறந்துட்டீங்களா?"

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆனால் எனக்கும் தெளிவு வரவில்லை. ஞாயிறுதோறும் கோலார் தங்கவயலில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். வழி நெடுக ஜல்லி லாரிகள். ஒரு லாரிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் அந்த ஒப்பந்தப் பக்கம் கண்ணாடியில் ஒட்டியிருப்பது போல் இருந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில், ஃபிலிம் என்றால் என்ன என்றாவது பார்த்துவிடலாம் என்று, லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடைக்குச் சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு போனேன்.

கடை ஒரு ஷட்டர் அகலம்தான். கூரையில் தேன்கூடு மாதிரி விளக்குக் கட்டங்கள். அவற்றின் கீழே ஒரு பெரிய வெள்ளை வண்டி நின்றது. ஒரு கணவனும் மனைவியுமாக நடத்துகிற கடை அது. முப்பது வயது இருக்கும் அந்தப் பெண், முடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒரு பெரிய கண்ணாடித் தாளின் இரண்டு மூலைகளைப் பிடித்து நின்றாள். மறு இரண்டு மூலைகள் அவள் கணவன் கையில். தாளின் பின்பக்கம் முழுக்கப் பசை. அதன் மேல் சோப்புத் தண்ணீர் சொட்டியது.

நான் உள்ளே போன அதே நிமிஷம் வெளியே ஹாரன். தண்ணீர் லாரி. தெருவில் நின்ற இவர்கள் வாடிக்கையாளர் வண்டியை எடுத்தால்தான் லாரி போக முடியும். ஹாரன் நிற்கவில்லை. கணவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, அங்க கை கழுவிகினு வாங்க. மோதிரம் இருந்தா கழட்டிடுங்க" என்றாள் அவள்.

ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கழுவிக்கொண்டு வந்தேன். அவன் இரண்டு மூலைகளை என் விரல்களில் கொடுத்துவிட்டு ஓடினான்.

"இழுக்காதீங்க. நான் சொல்றப்ப மட்டும் இறக்குங்க. பயம் வேணாம், தண்ணி இருக்கறவரைக்கும் ஒட்டாது."

இறக்கினோம். நாலடி அகலத் தாள் பானெட்டின் மேல் வந்து படுத்தது. ஒரே சுருக்கமும் குமிழுமாக, படுக்கையை உதறிப் போட்டது போல் இருந்தது. அவள் உள்ளங்கையளவு ரப்பர்ப் பட்டையை எடுத்து நடுவிலிருந்து வெளியே தள்ள ஆரம்பித்தாள். தண்ணீர் ஓரங்களில் ஓடி விழுந்தது. அவள் கை போன இடத்தில் தாள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உண்மையில் அங்கேதான் இருக்கிறது; என் விரல் அதன் மறுமுனையைப் பிடித்திருக்கிறது. ஆனால் கண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விளிம்புக்கு வந்ததும் ஒரு பிளேடை எடுத்து, பெயின்டுக்கு மேலே, தாளை மட்டும், ஒரே மூச்சில் வளைத்து அறுத்தாள். பிளேடுக்கும் பெயின்டுக்கும் நடுவில் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது, அவள் "விட்டுடலாம்க்கா" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் சொன்னது தாளையா மூச்சையா என்று இன்றுவரை கேட்கவில்லை.

"எங்கேம்மா கத்துக்கிட்டே இதை?"

"சிவாஜிநகர்ல மொபைல் கடைல வேலை. நாள் முழுக்க போனுக்கு கிளாஸ் ஒட்டறதுதான். ஒரு தூசி உள்ள போச்சுன்னா கஸ்டமர் திட்டுவான். அங்க நாலு இன்ச்சு, இங்க நாலு அடி. அவ்ளோதான் வித்தியாசம்."

பேச்சில் தங்கவயல் சாயல் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. "கேஜிஎஃப்பா?"

"நீங்க வாயத் தொறந்தப்பவே நானும் நெனச்சேன்" என்றாள்.

அதற்குள் அவள் கணவன் வந்துவிட்டான். பானெட்டைக் குனிந்து பார்த்தான், நான் பிடித்த பக்கத்தை மட்டும் இரண்டாவது முறை பார்த்தான். வெள்ளை வண்டியை வெளியே எடுத்துவிட்டு என் காரை விளக்குகளுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான்.

அவள் ஒரு மெல்லிய பாலித்தீன் பையை என்னிடம் கொடுத்தாள். கையை அதற்குள் விட்டு பானெட்டைத் தடவச் சொன்னாள். தடவினேன். ரவை. ஒரு வாரமாக உள்ளங்கையால் தொட்டுத் தொட்டு வழவழப்பு என்று நான் பெருமைப்பட்ட இடத்தில், ரவையைத் தூவியது போல நறநறவென்று இருந்தது. பையை உருவிவிட்டுத் தொட்டேன், வழவழப்பு. மறுபடி பை, ரவை.

"புது வண்டிம்மா இது!"

"புதுசுதான். ஃபேக்டரிலேர்ந்து வர்ற வழில, யார்டுல நிக்கறப்ப, தூசி, இரும்புத் தூளு எல்லாம் உக்காந்துரும். வெறும் கைக்குத் தெரியாது."

களிமண் மாதிரி ஒரு உருண்டையை எடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு முழம் இடத்தைத் தேய்த்துத் துடைத்தாள். இப்போது பையோடு தடவினால் கை தானாக வழுக்கிப் போனது. எல்லையைத் தாண்டியதும் மறுபடி ரவை. கண்ணை மூடிக்கொண்டு அந்த எல்லையில் போய்ப் போய் வந்தேன். நாற்பத்தொரு வயதில் தொடுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிய வந்தது எனக்கு.

பிறகு ஒரு கைவிளக்கை பானெட்டுக்கு நெருக்கமாகப் பிடித்தாள். கருநீலம் என்று கையெழுத்துப் போட்டு நான் வாங்கிய நிறத்துக்குள் பச்சை இருந்தது, ஊதா இருந்தது, செம்புப் பொடி இருந்தது. விளக்கை நகர்த்தினால் ஒரு பொடி அணைந்து பக்கத்துப் பொடி எரிந்தது. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல் ஆழம் தெரிந்தது.

"இது எவ்வளவு கனம் இருக்கும்?"

"நம்ம தலைமுடி ஒண்ணு இருக்குதே, கூடக்கொறைய அவ்ளோதான். கலரு, மேல இருக்கற கிளியரு, அடில இருக்கற ப்ரைமரு, எல்லாம் சேத்து."

அவள் விளக்கைப் பிடித்தபடியே வண்டியைச் சுற்றி வந்தாள். வலது பக்கம், பின்பக்கம், இடது பின்கதவு. அங்கே நின்றாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எழுந்து முன்கதவைப் பார்த்தாள். மறுபடி பின்கதவு.

"அக்கா, இந்த வண்டி எங்கனா இடிச்சுதா?"

"இல்லையே. ஒரு வாரம்தான் ஆச்சு. நான் ஜாக்கிரதையாத்தான் ஓட்டறேன்."

"நீங்க இடிச்சீங்களான்னு கேக்கல."

அவள் கேட்காமலேயே கணவன் பெயின்டின் கனம் அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். காய்ச்சல் பார்க்கும் கருவி அளவுதான். பானெட்டில் வைத்தாள், நூறை ஒட்டி ஓர் எண். கூரையிலும் மூன்று கதவுகளிலும் அதே மாதிரி. இடது பின்கதவில் வைத்தாள். முந்நூறைத் தாண்டியது.

"திரும்ப பெயின்ட் அடிச்சிருக்காங்கக்கா. லாரில வர்றப்ப கீறியிருக்கும், இல்ல யார்டுல. சரி பண்ணி, துடைச்சு, புதுசுன்னு குடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. "கருவி வைக்கறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றுதான் கேட்டேன்.

என்னை உட்காரவைத்தாள். மேலே இருக்கும் விளக்கின் கோடு கதவில் விழுகிறதே, அதை மட்டும் பார்க்கச் சொன்னாள். முன்கதவில் ஒரு கோடு. பின்கதவிலும் ஒரு கோடு. இரண்டும் ஒன்றுதான். ஒன்றுதான் என்று இரண்டு முறை சொன்னேன். அவள் பொறுமையாக, "பெயின்டைப் பாக்காதீங்க, லைட்டோட ஓரத்தைப் பாருங்க. ஆரஞ்சுப் பழத் தோலு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். ஃபேக்டரில அடிச்சா எல்லாம் ஒரே புள்ளி. கையால அடிச்சா வேற" என்றாள்.

கால் மரத்துப்போகும் வரை பார்த்தேன். திடீரென்று தெரிந்தது. முன்கதவில் கோட்டின் ஓரம் அளவுகோலால் இழுத்தது போல் இருக்க, பின்கதவில் அதே ஓரம் தண்ணீருக்குள் கிடப்பது போல் லேசாக நெளிந்தது. தெரிந்த பிறகு தெரியாமல் இருக்க முடியவில்லை. ஒரு வாரமாக அந்தக் கதவைத் திறந்துதான் என் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இது லீஸ் வண்டி. இப்ப ஃபிலிம் போடலாமா?" என்றேன்.

"வேணாம்க்கா. லீஸ் வண்டின்றீங்க. மூணு வருஷம் கழிச்சு உரிச்சுத்தான் குடுக்கணும். ஃபேக்டரி பெயின்டுன்னா ஒண்ணும் ஆகாது. இந்தக் கதவுல உரிச்சா பெயின்டும் சேந்து வந்தாலும் வந்துரும். அப்ப உங்களத்தான் கேப்பாங்க. மொதல்ல இதை எழுதி வாங்குங்க. வண்டி உங்களுது இல்ல, ஆனா பழி உங்களுது."

ஒவ்வொரு இடத்திலும் கருவியை வைத்து, எண் தெரியும்படி, என் போனில் அவளே படம் எடுத்துக் கொடுத்தாள். பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்தாள். அந்த ஒரு முழத்தோடு விட மனமில்லாமல், வண்டி முழுவதையும் களிமண் வைத்துத் தேய்த்து மெழுகு போடச் சொன்னேன். அதற்கு மட்டும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போனேன். அதே விற்பனைக்காரர், "மேடம், அந்த மெஷினெல்லாம் தப்பா காட்டும்" என்றார். மேனேஜர் வந்தார். நான் சத்தம் போடவில்லை. அவரைக் கதவுக்குப் பக்கத்தில் குனியச் சொல்லி, விளக்கின் ஓரத்தைப் பாருங்கள் என்றேன். அவர் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. அவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது: வண்டியை ஒப்படைப்பதற்கு முன்பே இடது பின்கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது, வருந்துகிறோம். லீஸ் கம்பெனி அதைத் தன் பதிவில் சேர்த்துக்கொண்டதாக எழுத்தில் உறுதி கொடுத்தது. வருத்தத்தின் அடையாளமாக ஷோரூம்காரர்கள் முழு வண்டிக்கும் இலவசமாக ஃபிலிம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

என் கணவர் சத்தமாகச் சிரித்தார். "சும்மா குடுத்தா வாங்கிக்கோயேன்!"

கடையில் போய்ச் சொன்னேன். "போடலாம்க்கா, அந்தக் கதவை விட்டுட்டு" என்றாள் அவள். "ஆனா அவங்க ஆளு பிளேடை எப்படிப் பிடிப்பான்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவு போதுமாக இருந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இரண்டாவது மாதமே ஈஜிபுரா சிக்னலில் ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி பின் பம்பரை உரசிவிட்டுப் போனது. இறங்கிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு கோடு, சாதாரணத் தேய்மானம். ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்த அந்த ஒப்பந்தப் பக்கம் அன்றைக்கு நினைவுக்கே வரவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. என்னோடு வா என்று கூட்டிக்கொண்டேன். ஹொஸ்கோட்டே தாண்டி வெயில் ஏறியது. பேசிக்கொண்டே வந்தவள், முன்னால் போகிற வண்டிகளை, ஆட்களின் பெயரைச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்த வெள்ளை வண்டி டிக்கி மாத்தினது. பக்கத்துல சாம்பல் கலரு, வலது பக்கம் மொத்தமும் அடிச்சிருக்கு, பாவம், பெருசா அடி வாங்கியிருக்கு. இந்தச் சிவப்புக்காரரு தினம் அழுக்குத் துணியில தொடைக்கறாரு, பாருங்க, வெயிலு படற எடத்தைச் சுத்தி வட்டம் வட்டமா சிலந்தி வலை மாதிரி கீறலு."

எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வண்டியும் தனக்கு நேர்ந்ததையெல்லாம் உடம்பில் எழுதிக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று. அவள் அதை சினிமா போஸ்டர் படிப்பது போலப் படித்துக்கொண்டே வந்தாள். எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது. இன்னும் நாலைந்து வண்டிகளை உற்றுப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பிறகு தைரியம் வரவழைத்துக்கொண்டு, முன்னால் போன ஒரு பழுப்பு வண்டியைக் காட்டி, "அதோட இடது கதவு திரும்ப அடிச்சதுதானே? ஓரத்துல நிறம் மாறுது" என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள். "அது சேறு."