மாமன் நடை

பெட்ரோல் பங்கில் வண்டியோடு நிற்கும்போது பக்கத்து லாரிக்கு டீசல் பிடித்தால் போதும், எனக்குள் ஓர் உப்பங்கழி திறந்துகொள்ளும். மேலே டீசல், அதற்கடியில் உப்பு, உப்புக்கடியில் சேறு, எல்லாவற்றுக்கும் அடியில் என் மாமா. அம்மாவின் தம்பி. நோணாங்குப்பத்தில் படகு ஓட்டினார். சுற்றுலா வந்தவர்களைக் கழியின் அக்கரை மணலில் இறக்கிவிட்டு, வெயில் சாய்ந்ததும் திருப்பி ஏற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு முன்னால் அந்த வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாமாவுக்கென்று ஒரு நடை இருந்தது. பகல் முழுக்கப் படகின் பின்முனையில் நின்று, ஏறியிருப்பவர்களின் தலைகளைத் தாண்டி எட்டிப் பார்த்தே ஓட்டுகிறவர். தரைக்கு வந்த பிறகும் கால்கள் அகன்றே இருக்கும், தலை இடது பக்கம் சாய்ந்தே இருக்கும். தெரு லேசாக ஆடுகிறது, அதற்கு இவர் ஈடுகொடுக்கிறார் என்பதுபோல நடப்பார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். தம்பிக்கு ஐந்து வயது, எனக்குப் பத்து. அவனும் அப்படி நடக்கத் தொடங்கினான். அதே சாய்வு, அதே அகலம், வாசற்படி இறங்கும்போது அதே தள்ளாட்டம். வீடே கைதட்டியது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு அப்பன் ஜாடை இருந்தால் அது வெறும் செய்தி, மாமன் ஜாடை இருந்தால் திருவிழா.

"பாத்தியாக்கா, அப்பிடியே நானு! ரத்தம்னா சும்மாவா?" என்று மாமா தொடையைத் தட்டிக்கொள்வார்.

"ஒரு படகுக்காரன் போதும் மச்சான் இந்தக் குடும்பத்துக்கு. இவன வுட்டுடு" என்பார் அப்பா.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு சொல்தா தாத்தா, அதாவது சிப்பாய்த் தாத்தா, மாமாவும் தம்பியும் சேர்ந்து தெருவில் போனால் ஜன்னலிலிருந்தே கத்துவார்: "பரேடுக்கு லாயக்கில்லாத பசங்களா!" தம்பி நின்று, சாய்ந்த தலையோடு அவருக்கு ஒரு சல்யூட் வைப்பான். சிரிப்பு தெருமுனைவரை போகும்.

பிறகு காலையில் எழுந்ததும் தம்பி வாந்தி எடுக்கத் தொடங்கினான். முந்தின வாரம் படகில் ஏற்றிக்கொண்டு போனது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். தலைவலி என்றான், வெயில் என்றார்கள். தம்ளரை எடுக்கப் போன கை தம்ளருக்குப் பக்கத்துக் காற்றைப் பிடித்தது. அதையும் விளையாட்டு என்று நம்பி நானும் காற்றைப் பிடித்துப் பார்த்தேன். வாந்தி மட்டும் நிற்கவில்லை. அதற்காகத்தான், அதற்காக மட்டும்தான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமாவும் படகை விட்டுவிட்டுக் கூட வந்தார்.

டாக்டரம்மா தம்பியை நடக்கச் சொன்னார். நடந்தான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

மாமா முந்திக்கொண்டார். "அது ஒண்ணுமில்லீங்க டாக்டரு, எங்க குடும்ப நடை. நான் தாய்மாமன்."

"அப்ப நீங்களும் நடந்து காட்டுங்க" என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல்.

தரையில் கல்லும் கல்லும் சேரும் கோட்டின்மேல், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டவைத்து நடக்க வேண்டும். மாமா நடந்தார். நூல் பிடித்தாற்போல, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, ஆடாமல், சாயாமல் போனார். தம்பி அவர் பின்னாலேயே கிளம்பி, ஓரிரண்டு அடியில் அம்மாவின் புடவைமேல் விழுந்தான். கோட்டின் மறுமுனையில் நின்ற மாமா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். கூட இருந்தே குழி பறித்தவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் ஸ்கேன். சிறுமூளையில் கட்டி, எடுத்தாக வேண்டும், எடுக்கும்போது என்ன ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்குச் சுவர் வழியாகத்தான் கிடைத்தது. அழுகை வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. மூடிய மண்டைக்குள் அது எந்த வழியாகப் போயிருக்கும்? அப்பாவின் டார்ச்சை எடுத்துவந்து தம்பியின் காதுக்குள் அடித்துப் பார்த்தேன். "தெரியுதாக்கா? என்னா கலரு?" என்றான். மூக்கிலும் பார்க்கச் சொல்லி அவனே அண்ணாந்து கொடுத்தான். இருட்டுக்கு உள்ளே இன்னும் இருட்டு, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மாமா வீட்டுக்கு வரவில்லை. ஆபரேஷனுக்குத் தம்பியின் தலையை ஆஸ்பத்திரியிலேயே மழித்துவிடுவார்கள் என்றார்கள். அம்மா ஒப்பவில்லை. எத்தனையாவது மொட்டையானாலும் மாமன் மடியில்தான் பிள்ளை தலையில் கத்தி படவேண்டும் என்று நின்றாள். ஆள் அனுப்பினாள். மாமா வந்தார். சோப்பு வாசனையோடு, யாரோ தூரத்து உறவுபோல வந்து மணையில் உட்கார்ந்து தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். முடி விழ விழ அதைத் தன் வேட்டியில் ஏந்தினார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன் மாமா நேரா நடந்த? நீயும் கோணலா நடந்திருந்தா டாக்டரம்மா வுட்டுருப்பாங்க இல்ல?"

நாவிதரின் கை நின்றது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா மட்டும் என்னைக் கோபிக்காமல், பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல, "எனக்கும் அதான் தோணிச்சு பாப்பா" என்றார்.

என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு. அவர் எந்தக் கட்சியில் நின்று அதைச் சொன்னார் என்பது விளங்க வருஷங்கள் பிடித்தன.

தம்பி திரும்பி வந்தான். முதலில் பேச்சு வந்தது, நடை ரொம்பப் பிந்தி வந்தது, அதுவும் யார் ஜாடையும் இல்லாத நடையாக. இப்போது அவனைத் தெருவில் பார்க்கிறவர்கள் யாரையும் நினைத்துக்கொள்வதில்லை. ஆனால் அவன் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன அந்தக் காலையில் இது ஒருவருக்கும் தெரியாது. அப்பா வாயைக் கையால் பொத்தியிருந்தார். அம்மா தள்ளுவண்டியின் கம்பியை விடவில்லை. வார்டின் நீண்ட நடைவழியில், எல்லோரும் பார்க்க, வண்டிக்கு முன்னால் மாமா நடந்தார். கால்களை அகட்டி, தலையை இடது பக்கம் தொங்கவிட்டு, இல்லாத அலைக்கெல்லாம் ஈடுகொடுத்து நடந்தார். டாக்டர்களை ஏமாற்ற இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். இவ்வளவு தாமதமாக ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அவர் முகம் ஏன் நனைந்திருந்தது என்பதும்தான்.

கதவு திறந்தது. மொட்டைத் தலை வண்டியிலிருந்து பாதி எழுந்து மாமாவின் கால்களைக் கூர்ந்து பார்த்தது.

"அய்ய, பொய்யா நடக்குற மாமா. இரு, நான் வந்து காட்டுறேன்."